10,080 காரணிகள் கொண்ட ஓர் எண்: கையால் உடைத்துப் பார்க்க ஒரு வழிகாட்டி

எங்கள் திருநெல்வேலிப் பக்கம் பழைய நெல் கணக்கில் ஒரு கோட்டைக்கு 21 மரக்கால். தஞ்சாவூர்ப் பக்கம் கலக் கணக்கு. ஒரு கலத்துக்கு 12 மரக்கால். இரண்டிலும் அதே இரண்டு இலக்கங்கள்தான், இடம் மாறி நிற்கின்றன. ஆனால் களத்துமேட்டில் பங்கு பிரிக்க உட்கார்ந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். ஒரு கோட்டை நெல்லைப் பாதி வாரத்துக்கு, அதாவது நிலக்காரருக்கும் உழுதவருக்கும் சரிபாதியாகப் பிரித்தால் ஆளுக்குப் பத்தரை மரக்கால். நாலு பேருக்கு என்றால் ஐந்தேகால். மரக்காலைக் கீழே வைத்துவிட்டு நாழியைத் தேட வேண்டியதுதான். கலத்தையோ 2, 3, 4, 6 என்று எத்தனை பேருக்குப் பிரித்தாலும் மரக்காலோடு வேலை முடிந்துவிடும். 21 பெரிய எண்; அதற்கு 1, 3, 7, 21 என்று நாலே காரணிகள். 12 சின்ன எண். அதற்கு 1, 2, 3, 4, 6, 12 என்று ஆறு.

இந்த 12-இன் குணம் உச்சத்துக்குப் போனால் எப்படி இருக்கும் என்று பார்க்கத்தான் இந்த வழிகாட்டி. நாம் கையில் எடுக்கப் போகும் எண் இது:

6746328388800

நம் வழக்கில் படித்தால் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. மொத்தம் 13 இலக்கங்கள். இதற்கு 10,080 காரணிகள் இருக்கின்றன. இதைவிடச் சின்ன எந்த எண்ணுக்கும் இத்தனை காரணிகள் கிடையாது. இப்படித் தனக்கு முன்னால் இருக்கும் எல்லா எண்களையும் காரணிகளின் எண்ணிக்கையில் தாண்டி நிற்கும் எண்ணை உயர் பகு எண் என்போம். 1, 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று இந்த வரிசை தொடங்குகிறது. 1915-இல் லண்டன் கணிதக் கழகத்தின் இதழில் இந்த எண்களைப் பற்றி ராமானுஜன் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். மறு வருடம் கேம்பிரிட்ஜ் அவருக்குப் பட்டம் கொடுத்ததும் அந்த ஆராய்ச்சிக்காகத்தான். அதில் அவர் போட்ட அட்டவணையின் கடைசி எண்தான் மேலே இருப்பது.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு சின்ன ஊரில் சாயங்காலம் திண்ணையில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். இந்த எண்ணைப் பலகையில் எழுதினதும் ஒரு பையன், "சார், இத எப்படி சார் ஒடைக்கது?" என்று கேட்டான். ஒரு மணி நேரத்தில் அவனே உடைத்தும் காட்டினான். எட்டாம் வகுப்புக் கணக்கு நினைவிருந்தால் உங்களாலும் முடியும்.

வேண்டிய சாமான்கள்

கட்டம் போட்ட நோட்டு, பென்சில், 2 முதல் 23 வரையிலான பகா எண்கள் (2, 3, 5, 7, 11, 13, 17, 19, 23). அவ்வளவுதான். கால்குலேட்டர் வைத்துக்கொள்ளலாம், ஆனால் கடைகளில் இருக்கும் சாதாரணக் கால்குலேட்டரில் 12 இலக்கம்தான் கொள்ளும். நம் எண்ணில் 13. அதனால் முதல் வெட்டைக் கையால்தான் வெட்ட வேண்டும். அது நல்லதுக்குத்தான். கருவியில் அடிக்க ஆரம்பித்துவிட்டால் எண்ணின் முகத்தைப் பார்க்க மறந்துவிடுகிறோம்.

வகுக்கும் முன் வாசிக்க வேண்டும்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் தவறு, எடுத்ததும் வகுக்கத் தொடங்குவது. கொஞ்சம் பொறுங்கள். எண்ணை ஒருமுறை நிதானமாகப் பாருங்கள்.

கடைசியில் இரண்டு சைபர். அப்படியானால் 100 போகும். அதாவது 2 இரண்டு தடவையும், 5 இரண்டு தடவையும் உள்ளே இருக்கின்றன. இலக்கங்களைக் கூட்டுங்கள்: 6+7+4+6+3+2+8+3+8+8+8 = 63. இது 9-ஆல் வகுபடும், ஆகவே முழு எண்ணும் 9-ஆல் வகுபடும்.

இதுவரை பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். அடுத்தது எனக்கு மிகவும் பிடித்தது. பிள்ளைகளிடம் சொல்லும்போதெல்லாம் எனக்கே சந்தோஷமாக இருக்கும். 7 × 11 × 13 = 1001. இந்த மூன்று பகா எண்களையும் ஒரே சோதனையில் பிடித்துவிடலாம். எண்ணை வலது பக்கத்திலிருந்து மூன்று மூன்று இலக்கமாகப் பிரியுங்கள். நம் லட்சம், கோடிப் பிரிப்பு இங்கே உதவாது. மூன்று மூன்றாகவே இருக்க வேண்டும்:

6 | 746 | 328 | 388 | 800

வலது ஓரத்திலிருந்து ஒன்று விட்டு ஒன்று கழித்தும் கூட்டியும் வாருங்கள்:

800 − 388 + 328 − 746 + 6 = 0

சுத்தமாகச் சைபர். மீதி சைபர் வந்தாலோ 1001-இன் மடங்கு வந்தாலோ 1001 போகும் என்று அர்த்தம். காரணம் எளிது. 1000 என்பது 1001-க்கு ஒன்று குறைவு. அதனால் 1001-ஆல் வகுக்கும்போது ஓர் ஆயிரம் −1 போல நடந்துகொள்கிறது, ஆயிரம் ஆயிரம் +1 போல. இப்படி ஒவ்வொரு மூன்று இலக்கத் தொகுதிக்கும் குறி மாறி மாறி வருகிறது. ஒருமுறை இதைப் புரிந்துகொண்டவர்கள் மறப்பதில்லை.

ஆக, பென்சிலால் ஒரு வகுத்தல்கூடப் போடாமல் 2, 3, 5, 7, 11, 13 எல்லாம் உள்ளே இருப்பதைக் கண்டுபிடித்துவிட்டோம்.

இனி உடைக்கலாம்

முதலில் 100-ஐ எடுங்கள். மிச்சம் 67463283888. இது 11 இலக்கம், கால்குலேட்டரில் கொள்ளும். இனி 5 கிடையாது. கடைசி இலக்கம் 8 அல்லவா.

2-ஆல் பாதியாக்கிக்கொண்டே வாருங்கள்: 33731641944, 16865820972, 8432910486, 4216455243. நாலு தடவை போனது. இப்போது ஒற்றை எண். முன்பு எடுத்த இரண்டையும் சேர்த்தால் மொத்தம் ஆறு 2.

4216455243-இன் இலக்கக் கூட்டு 36. 9-ஆல் வகுத்தால் 468495027. அதன் கூட்டு 45; இன்னொரு 9 போகும்: 52055003. இதன் கூட்டு 20, இனி 3 போகாது. இரண்டு 9 என்றால் நாலு 3.

52 | 055 | 003 என்று பிரித்தால் 3 − 55 + 52 = 0. அதே 1001. வகுத்தால் 52003. இங்கே 7, 11, 13 மூன்றும் ஒவ்வொரு தடவை போய்விட்டன.

52003-இல் இன்னொரு 7 போகும்: 7429. இதில் 7 போகாது, 11 போகாது, 13-உம் போகாது. 17 போகும்: 437. அப்புறம் 437 = 19 × 23. முடிந்தது.

எங்கே நிறுத்துவது என்று சிலருக்குச் சந்தேகம் வரும். மிச்சமிருக்கும் எண்ணின் வர்க்கமூலம் வரை உள்ள பகா எண்களைச் சோதித்தால் போதும். 437-க்கு வர்க்கமூலம் 21-க்குக் கீழே. ஆகவே 19-க்கு மேல் தேடவே வேண்டாம்.

எல்லாவற்றையும் சேர்த்து எழுதினால்:

6746328388800 = 2⁶ × 3⁴ × 5² × 7² × 11 × 13 × 17 × 19 × 23

இந்த ஒரு வரியைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். இனி அந்த 13 இலக்க எண் நமக்குத் தேவையில்லை. அதைப் பற்றி என்ன கேட்டாலும் இந்த வரியே பதில் சொல்லும். ஒரு பகு எண்ணின் ஜாதகமே அதன் பகாக் காரணிகள்தான்.

காரணிகளை எண்ணுவது

10,080 காரணிகளை ஒவ்வொன்றாக யாரும் எழுதிப் பார்க்க வேண்டாம். ஒரு காரணி எப்படி உருவாகிறது என்று யோசியுங்கள். மேலே உள்ள சரக்கிலிருந்து கொஞ்சம் கொஞ்சம் எடுத்துப் பெருக்கினால் ஒரு காரணி. 2 மொத்தம் ஆறு இருக்கிறது. ஒன்றும் எடுக்காமலும் விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டு எடுக்கலாம், ஆறுவரை. ஆக ஏழு வழி. 3-க்கு ஐந்து வழி. 5-க்கும் 7-க்கும் மூன்று மூன்று வழி. 11, 13, 17, 19, 23 ஒவ்வொன்றுக்கும் எடுப்பது, விடுவது என்று இரண்டு வழி.

7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2 × 2 = 315 × 32 = 10,080

அடுக்கோடு ஒன்று கூட்ட மறப்பதுதான் இங்கே எல்லோரும் விழும் குழி. எங்கள் திண்ணையில் ஒரு பிள்ளை 6 × 4 × 2 × 2 என்று பெருக்கி 96 என்று எழுதியிருந்தாள். வழி சரி, பெருக்கலும் சரி. எடுக்காமல் விடுவதும் ஒரு வழி என்பது மட்டும் விட்டுப்போயிற்று. 12 = 2² × 3-ஐ வைத்து அவளையே எண்ணச் சொன்னேன். 3 × 2 = 6 என்று வந்ததும், களத்தில் பிரித்த ஆறு பங்கும் கண்ணில் தெரிந்துவிட்டது. பெரிய எண்ணில் சந்தேகம் வந்தால் உடனே 12-க்குத் திரும்பிவிடுங்கள். நான் இன்றும் அப்படித்தான் செய்கிறேன்.

அதே வரியிலிருந்து இன்னும் நிறைய வாசிக்கலாம். ஒற்றைக் காரணிகள் எத்தனை? 2-ஐத் தொடாமல் விட்டால் போதும்: 5 × 3 × 3 × 32 = 1,440. 10-ஆல் வகுபடும் காரணிகள் எத்தனை? 2-இல் குறைந்தது ஒன்று, 5-இல் குறைந்தது ஒன்று எடுத்தாக வேண்டும்: 6 × 5 × 2 × 3 × 32 = 5,760. பாதிக்கு மேல் சைபரில் முடிகிறது! வர்க்க எண்களாக இருக்கும் காரணிகள்? அடுக்குகள் இரட்டையாக இருக்க வேண்டும். 2-க்கு 0, 2, 4, 6 என்று நாலு வழி, 3-க்கு மூன்று, 5-க்கும் 7-க்கும் இரண்டிரண்டு, மற்றவற்றை எடுக்கவே கூடாது. 4 × 3 × 2 × 2 = 48.

1 முதல் 28 வரை எந்த எண்ணாலும் இதை மீதியில்லாமல் வகுக்கலாம். 29-இல்தான் முதல் தடை. 16, 25, 27 இவைதாம் சந்தேகத்துக்குரியவை. 2⁶, 5², 3⁴ இருப்பதால் அவையும் போகும். இதிலிருந்தே இன்னொன்று கிடைக்கிறது. இதற்கு அடுத்த எண்ணான 6746328388801-ஐ எடுங்கள். மேலே உள்ள ஒன்பது பகா எண்களில் எதனால் வகுத்தாலும் மீதி 1 வரும். ஆகவே அதன் பகாக் காரணிகள் எல்லாமே 29 அல்லது அதற்கு மேல். பக்கத்து வீடு, ஆனால் ஒரு உறவும் இல்லை.

கூட்டுத்தொகையும், வல்லத்துக்காரர் ஒருவரும்

காரணிகள் எல்லாவற்றின் கூட்டுத்தொகை வேண்டுமென்றால், ஒவ்வொரு பகா எண்ணுக்கும் ஓர் அடைப்புக்குறி போடுங்கள். 12-க்கு (1+2+4) × (1+3) = 7 × 4 = 28. நேராகக் கூட்டிப் பாருங்கள்: 1+2+3+4+6+12 = 28. அடைப்புக்குறிகளை விரித்தால் ஒவ்வொரு காரணியும் ஒரே ஒரு தடவை வருவதால்தான் இது சரியாகிறது.

நம் எண்ணுக்கு 127 × 121 × 31 × 57 × 12 × 14 × 18 × 20 × 24. பெருக்கினால் 39413832353280. எண்ணைப்போல ஏறக்குறைய 5.84 மடங்கு.

இந்த இடத்தில் எங்கள் பக்கத்து மனிதர் ஒருவரைச் சொல்லாமல் போக முடியாது. எஸ். எஸ். பிள்ளை, குற்றாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வல்லத்தில் 1901-இல் பிறந்தவர். நாகர்கோவிலிலும் திருவனந்தபுரத்திலும் படித்தார், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் வேலை பார்த்தார். எந்த முழு எண்ணையும் அதிகபட்சம் 73 ஆறாம் அடுக்குகளின் கூட்டாக எழுதிவிடலாம் என்று 1940-இல் நிறுவினார். ராமானுஜன் காரணிகளின் எண்ணிக்கையைப் பார்த்தார். பிள்ளையோ அவற்றின் கூட்டுத்தொகையைப் பார்த்தார். தனக்கு முந்தைய எல்லா எண்களையும் காரணிக் கூட்டுத்தொகையில் தாண்டும் எண்களைப் பற்றி 1943-இல் கட்டுரை எழுதியவர் அவர்தான். தமிழில் அவற்றை உயர் மிகை எண்கள் எனலாம். 10-ஐப் பாருங்கள். அதற்கு நாலு காரணிகள்தான், 6-க்கும் நாலுதான். அதனால் 10 உயர் பகு எண் இல்லை. ஆனால் 10-இன் காரணிக் கூட்டு 18. முந்தைய எண்களில் 8-இன் 15-தான் உச்சம். ஆகவே 10 பிள்ளையின் பட்டியலில் இருக்கிறது. 1950 ஆகஸ்டில் ஹார்வர்டில் நடந்த உலகக் கணித மாநாட்டுக்குப் போகும் வழியில், கெய்ரோவுக்கு அருகே விமான விபத்தில் அவர் இறந்துபோனார். வயது 49. தென்காசிப் பக்கம் குற்றாலத்துக்குக் குளிக்கப் போகிறவர்களில் எத்தனை பேருக்கு அவரைத் தெரியும்? தெரிய வேண்டும் என்று மனதாரச் சொல்கிறேன்.

உச்சத்தில் இருக்கிறதா என்று சோதிப்பது

உயர் பகு எண்களின் பகாக் காரணிகள் ஒரு ஒழுங்கில் நிற்கும். நடுவில் எந்தப் பகா எண்ணும் விட்டுப்போகாது. அடுக்குகள் இடமிருந்து வலம் ஏறாது. நம் வரியில் 6, 4, 2, 2, 1, 1, 1, 1, 1. ஏன் என்பதற்குச் சின்ன எண்களே சாட்சி. 18 = 2 × 3². அடுக்குகளை மாற்றிப் போட்டால் 2² × 3 = 12. காரணிகள் அதே ஆறு, எண் சின்னதாகிவிட்டது. அதனால் 18 பட்டியலில் வராது. 10 = 2 × 5-இல் 5-க்குப் பதில் 3 போட்டால் 6; காரணிகள் அதே நாலு.

நம் எண்ணிலும் பண்டமாற்று செய்து பாருங்கள். ஒரு 3-ஐக் கொடுத்து ஒரு 2 வாங்கினால் எண் சின்னதாகும். ஆனால் 7 × 5 = 35 என்பது 8 × 4 = 32 ஆகக் குறையும். நஷ்டம். ஒரு 7-ஐக் கொடுத்து 5 வாங்கினால் 3 × 3 = 9 போய் 4 × 2 = 8. நஷ்டம். 23-ஐக் கொடுத்து 3-உம் 7-உம் வாங்கினால் 7 × 5 × 3 × 3 × 2 = 630 போய் 7 × 6 × 3 × 4 = 504. எப்படி மாற்றினாலும் கைநஷ்டம்தான். நாலைந்து மாற்றுகள் முழு நிரூபணம் ஆகாது. அதற்கு எல்லா மாற்றுகளையும் பார்க்க வேண்டும். ஆனாலும் எண் ஏன் இப்படி அமைந்திருக்கிறது என்பது விரல்நுனியில் தெரிந்துவிடும்.

ராமானுஜன் இந்த அட்டவணையில் 102 எண்களைக் கொடுத்தார். ஒன்றே ஒன்று விட்டுப்போனது: 293318625600. அதை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். 6746328388800! விட்டுப்போன எண்ணும் கடைசி எண்ணும் ஒரே கட்டுமானம், 23 மட்டும்தான் கூடுதல். 10,080-இல் பாதியான 5,040 காரணிகள் அதற்கு. அதற்கு முந்தைய உயர் பகு எண் 195545750400, காரணிகள் 4,608. எனக்கு இது குறையாகத் தெரியவில்லை. கணிப்பொறி இல்லாத காலத்தில் ஒரு மனிதர் ஆறரை லட்சம் கோடிக்கு மேல்வரை சல்லடை போட்டிருக்கிறார் என்பதுதான் தெரிகிறது.

பெரிய எண்ணெல்லாம் இப்படி உடையாது

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ள வேண்டாம். எண் பெரிதாக இருப்பதும் காரணிகள் நிறைய இருப்பதும் வேறு வேறு. 2⁶⁷ − 1 என்ற எண்ணுக்கு 21 இலக்கங்கள். 1903-இல் அமெரிக்காவில் கோல் என்ற கணிதப் பேராசிரியர் அதை உடைத்தார்: 193707721 × 761838257287. இரண்டும் பகா எண்கள். ஆகவே 21 இலக்கத்துக்கு நாலே காரணிகள், நம் கோட்டை மரக்கால் 21-ஐப் போல. ஆர்.எஸ்.ஏ-250 என்ற எண்ணுக்கு 250 இலக்கங்கள். 2020-இல்தான் கணிப்பொறிகள் அதை 125 இலக்கம் கொண்ட இரண்டு பகா எண்களாக உடைத்தன. அதற்கும் காரணிகள் நாலுதான். வங்கிப் பரிவர்த்தனைகளின் பாதுகாப்புக்கு இத்தகைய எண்கள் பயன்படுவதற்குக் காரணமே, உள்ளே பிடித்து இழுக்கச் சின்னப் பகா எண் எதுவும் இல்லாததுதான். அவற்றை இந்த வழியில் உடைக்கப் பார்த்து மனம் தளர வேண்டாம்.

பழக நாலு எண்கள்

முதலில் 320. பழைய தமிழ்க் கணக்கில் ஒன்றை 320 பங்காக்கினால் ஒரு பங்கு முந்திரி. அதற்கு எத்தனை காரணிகள்? 14 வர வேண்டும். பிறகு 1000. நெல்லையப்பர் கோயில் ஆயிரங்கால் மண்டபத்துக்குப் போகும்போது நினைத்துக்கொள்ளுங்கள்: 2³ × 5³, காரணிகள் 16. அதைவிடச் சின்னதான 840-ஐயும் போட்டுப் பாருங்கள், 32 வரும்.

நாலாவது, கொஞ்சம் பெரியது: 963761198400. மேலே சொன்ன வரிசையிலேயே செய்யுங்கள். சைபரைப் பாருங்கள், இலக்கங்களைக் கூட்டுங்கள், மூன்று மூன்றாகப் பிரியுங்கள், அப்புறம்தான் பென்சில். காரணிகள் 6,720 வர வேண்டும். 48 வந்தால் அடுக்குகளோடு ஒன்று கூட்ட மறந்திருக்கிறீர்கள்.